கணினி மாறினால் மென்பொருளுக்கு எங்கே போவது?

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

வீடு மாறிக் குடிபோகிறவர்கள் முதல் நாள் என்ன செய்வார்கள்? அடுப்பை எங்கே வைப்பது, குடிநீர் எந்தக் குழாயில் வரும், பக்கத்தில் பலசரக்குக் கடை உண்டா என்று தேடுவார்கள். பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த உப்பு, புது வீட்டில் கைக்கு அகப்படாது. இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும். கணினியில் இயங்குதளம் மாறுவதும் இத்தகைய குடிபெயர்ச்சியே ஆகும்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் என்பது ஒன்று. லினக்ஸ் என்பது மற்றொன்று. ஒன்றுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் பொதுவாக மற்றொன்றில் அப்படியே ஓடாது. ஆதலால் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுகிறவர் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், படம் திருத்தவும், தமிழில் தட்டச்சு செய்யவும் வேறு கருவிகளைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றை விலையின்றியும் நேர்மையாகவும் எவ்வாறு கண்டடைவது என்பதை என் சொந்த அனுபவத்தைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

அக்காவின் மடிக்கணினி

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் அதற்குமேல் படிக்க வழியில்லாமல் முந்திரி ஆலைக்கு வேலைக்குச் சென்றாள். பள்ளியில் அவளுக்கு அரசு வழங்கிய மடிக்கணினி, நான் கல்லூரியில் சேர்ந்தபோது என் கைக்கு வந்தது.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அத்திட்டத்தில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன என்பதை அறிந்தவர் சிலரே. கணினியைத் திறந்ததும் கருந்திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. நானோ அந்தப் பெயரை ஒருநாளும் தொட்டதில்லை. விண்டோஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போவதே வழக்கம்.

முதலாமாண்டில் ஒரு கருத்தரங்கிற்காக ஒளிச்சிதறல் பற்றிப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை தயாரித்திருந்தேன். அச்செடுக்க ஒரு கடையில் என் பென்டிரைவைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கோப்புறைகள் இருந்த இடத்தில் சிறு அம்புக்குறியுடன் கூடிய குறுக்குவழிகள் மட்டுமே இருந்தன. திறந்தால் ஒன்றும் வரவில்லை. மற்றொரு கடையில் காட்டியபோது, "அழித்துப் புதிதாகத்தான் பார்மட் செய்யவேண்டும், உள்ளே இருந்தது போனதுதான்" என்றார்கள். கருத்தரங்கிற்கு இன்னும் ஒரே நாள். கட்டுரைக்கு வேறு நகல் கிடையாது.

அன்றிரவு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா, "அந்த இன்னொரு பேரை அமுக்கிப் பாரேன், எங்க கணினி சார் ஒருநாள் அதைத் திறந்து காட்டினார்" என்றாள். அமுக்கினேன். வேறொரு திரை திறந்தது. பென்டிரைவைச் செருகினேன். என் கோப்புறைகள் அனைத்தும் அப்படியே இருந்தன!

மாயமொன்றும் இல்லை. அந்த நச்சுநிரல் கோப்புகளை அழிக்கவில்லை. அவற்றின்மேல் 'மறைவு', 'அமைப்பு' என்னும் இரண்டு அடையாளங்களை இட்டிருந்தது. விண்டோஸ் அந்த அடையாளங்களுக்குக் கட்டுப்பட்டு அவற்றைக் காட்டாது. லினக்ஸில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்புகளே மறைந்தவை. விண்டோஸின் அடையாளங்களை அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. லினக்ஸுக்கு நச்சுநிரலே கிடையாது என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியன்று. அந்தக் குறிப்பிட்ட நச்சுநிரலுக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவே.

அந்த இரவிலிருந்துதான் நான் குடிமாறத் தொடங்கினேன்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

மென்பொருள் தேடப் புறப்படுமுன் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தது அன்று. முப்பது நாள் முடிந்ததும் பணம் கேட்பது ஒரு வகை. விளம்பரம் காட்டிக் கூலியை வேறு வழியில் வாங்கிக்கொள்வது ஒரு வகை. பூட்டை உடைத்து ஒருவர் பரப்பிய திருட்டுப் பிரதி மற்றொரு வகை. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நம் கணினியில் ஏற்றிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் திருட்டுப் பிரதியே. நானும் அப்படி ஏற்றிக்கொண்டவன்தான், மறைக்கவில்லை. பூட்டை உடைத்தவர் உள்ளே வேறெதைச் சேர்த்து வைத்தார் என்பது நமக்குத் தெரியாது என்பதே அதன் பெருங்கேடு.

இவற்றினின்றும் வேறுபட்டது கட்டற்ற மென்பொருள். இதை நம் நாஞ்சில் நாட்டு விதைநெல்லைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கன்னிப்பூ அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்து ஒருவர் விதை எடுத்து வைக்கிறார். கேட்ட அயலாருக்கு ஒரு மரக்கால் கொடுக்கிறார். வாங்கியவர் அதை எந்த வயலிலும் விதைக்கலாம், அதன் தன்மையை ஆராயலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம், மேலும் நல்ல கதிராகத் தேர்ந்து தரத்தை உயர்த்தி, அந்த விதையையும் பிறருக்கு வழங்கலாம். எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்துதல், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றுதல், நகல் எடுத்துக் கொடுத்தல், திருத்திய வடிவையும் பரப்புதல் என்னும் நான்கு உரிமைகளையும் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். இவ்வுரிமைகள் செல்லுபடியாக அதன் மூல நிரல் வெளிப்படையாக இருக்கவேண்டும்.

இக்கொள்கையை வகுத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில் புதிதாக வந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய அச்சுப்பொறியின் நிரலைத் தாமே திருத்தி, தாள் சிக்கினால் உரியவருக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதின் மூல நிரலோ அவருக்கு மறுக்கப்பட்டது. கையில் திறமை இருந்தும் கதவு பூட்டியிருந்த அந்த நிலையே அவரைச் சிந்திக்க வைத்தது. 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். குனுவின் கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்து முழு இயங்குதளமாயிற்று. 1993இல் இயான் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் இவற்றைத் தொகுத்து டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. அந்த டெபியனின் மேல் கட்டப்பட்டதே நம் பாஸ் லினக்ஸ். என் வயதுடைய ஒருவர் எங்கோ தொடங்கிய வேலை, முந்திரி ஆலைக்குப் போகும் என் அக்காவின் கணினியில் பல ஆண்டுகளாகத் திறப்பாரின்றி இருந்திருக்கிறது!

அண்டை மாநிலமும் நம் மாநிலமும்

களியக்காவிளையைத் தாண்டினால் இது புதுச் செய்தியன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. ஸ்டால்மனே அங்கு வந்திருந்தார். கேரள அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் அதன்பின் வந்த ஆண்டுகளில் படிப்படியாக முழுவதும் லினக்ஸுக்கு மாறியது. அத்திட்டமே 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அங்கே பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பழகுகிறார்கள்.

தமிழகத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. திரு. உமாசங்கர், இ.ஆ.ப. அவர்கள் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2006-07ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றதும் அந்த வழியில் வந்ததே. கருவி கைக்கு வந்தது. அதைக் கையாளும் வழியைச் சொல்லிக் கொடுப்பவர் மட்டும் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை.

பழைய கணினிக்குப் புது வாழ்வு

எங்கள் கணினியிலிருந்த பாஸ் பழைய பதிப்பு. அதிலிருந்த உலாவியில் பல இணையதளங்கள் திறக்கவில்லை. விண்டோஸின் நிலையும் அவ்வளவில்தான் இருந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், 8.1க்கு 2023 ஜனவரியிலும், 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருந்து தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கணினிகளில் இல்லை. பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் குப்பை என்று சொல்லும் காலம் இது.

மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் பரிந்துரைத்தார். நான்கு ஜிபி நினைவகம் உள்ள எங்கள் கணினியில் அது தடையின்றி ஓடுகிறது. மின்ட் உபுண்டுவின்மேல் கட்டப்பட்டது. உபுண்டு டெபியனின்மேல் கட்டப்பட்டது. அதாவது, மறுபடியும் அதே விதைநெல்தான்.

நிறுவுமுன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் கோப்புகளையெல்லாம் வேறொரு வட்டில் நகல் எடுங்கள். இரண்டாவது, புதிய இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இந்த முறையில் வன்தட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒலி வருகிறதா, வைஃபை கிடைக்கிறதா, திரையின் ஒளி கூடிக் குறைகிறதா என்று பார்த்த பிறகு நிறுவலாமா என்று முடிவு செய்யுங்கள்.

தேடும் முறை

புதிய இயங்குதளத்திற்கு வந்தவர் முதலில் செய்யும் தவறு பெயரைத் தேடுவது. "இங்கே வேர்டு எங்கே? போட்டோஷாப் எங்கே?" என்று நானும் ஒரு வாரம் தேடினேன். பெயரை விட்டுவிட்டு வேலையைத் தேடவேண்டும். ஒரு தாளை எடுத்து, சென்ற மாதம் கணினியில் நீங்கள் உண்மையாகச் செய்த வேலைகளை மட்டும் எழுதுங்கள். என் பட்டியலில் ஏழு வேலைகளே இருந்தன. அறிக்கை எழுதுதல், அட்டவணையில் கணக்கிடுதல், கருத்தரங்கப் படவில்லைகள் தயாரித்தல், படம் திருத்துதல், வரைபடம் வரைதல், காணொளி பார்த்தல், தமிழில் தட்டச்சு செய்தல். அறிக்கை, அட்டவணை, படவில்லை ஆகிய மூன்றுக்கும் லிப்ரே ஆபீஸ் மின்டிலேயே நிறுவப்பட்டிருந்தது. படத்திற்குக் கிம்ப், கோட்டோவியத்திற்கும் சுவரொட்டிக்கும் இங்க்ஸ்கேப், காணொளிக்கு வி.எல்.சி. ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டேன். கிம்ப், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியது. வி.எல்.சி., பிரான்சின் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய செயல்திட்டத்தில் பிறந்தது. மாணவர் கைவேலைதான் இவையெல்லாம் என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்தது, எங்கிருந்து எடுப்பது என்பது. விண்டோஸில் நாம் கண்ட கண்ட இணையதளங்களில் 'பதிவிறக்கு' என்று மின்னும் பொத்தானை அழுத்திப் பழகியவர்கள். லினக்ஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்தாயம் என்றொரு பெரிய மரப்பெட்டி இருக்கும். காயவைத்து, பதர் நீக்கி, அளந்த நெல்லே அதற்குள் போகும். ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலுக்கும் இத்தகைய ஒரு பத்தாயம் உண்டு. களஞ்சியம் என்பது அதன் பெயர். டெபியனின் களஞ்சியத்தில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. பராமரிப்பாளர்கள் சேர்த்த அப்பொதிகளின் பட்டியல் இலக்கக் கையொப்பம் இடப்பட்டது. இறங்கும் பொதி அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்பதை நம் கணினி சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளும். 'மென்பொருள் மேலாளர்' என்னும் செயலியைத் திறந்து, செய்யவேண்டிய வேலையை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகத் தட்டினால் போதும். பொருத்தமானவை வரிசையாக வந்து நிற்கும். இயங்குதளத்திற்கும் இந்த மென்பொருள்களுக்கும் புதுப்பிப்புகள் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து வரும்.

வரிசையில் பத்து நின்றால் எதை எடுப்பது? மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் மென்பொருளிலும் பார்க்கவேண்டியவை சில உண்டு. கடைசிப் பதிப்பு எப்போது வெளிவந்தது? ஐந்தாண்டாக அசைவில்லாமல் இருந்தால் தவிர்த்துவிடலாம். உரிமம் என்ன? ஜி.பி.எல்., எம்.ஐ.டி., அப்பாச்சி, மொசில்லா போன்ற பெயர்கள் இருந்தால் அது கட்டற்றது. பிழை என்று ஒருவர் தெரிவித்தால் பதில் வருகிறதா? கையேடு உண்டா? இந்த நான்கு கேள்விகளும் பெரும்பாலான நேரங்களில் போதுமானவை.

இன்னும் ஓர் உபாயம் சொல்வேன். இயங்குதளத்தை மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே, லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், வி.எல்.சி., கிம்ப் ஆகியவற்றை விண்டோஸிலேயே நிறுவிப் பழகுங்கள். இவை இரண்டு தளங்களிலும் ஓடுபவை. பழைய வீட்டிலேயே புதுப் பாத்திரத்தில் சமைத்துப் பழகியவருக்குப் புது வீட்டில் பாதித் தொல்லை குறைந்துவிடும்.

கோப்பு வடிவமும் எழுத்துருவும்

"நீ அனுப்பிய கட்டுரை என் கணினியில் கோணலாகத் தெரிகிறது" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் வழங்கும் கேலிப்ரி, கேம்ப்ரியா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இருப்பதில்லை. கணினி வேறு எழுத்துருவை இட்டு நிரப்பும்போது அகலம் மாறி வரி உடைகிறது. வரி உடைந்தால் பக்கம் நகர்கிறது. ஆனால் கார்லிட்டோ என்பது கேலிப்ரிக்கும், கலாடியா என்பது கேம்ப்ரியாவுக்கும், லிபரேஷன் செரிஃப் என்பது டைம்ஸ் நியூ ரோமனுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே அகலம் கொண்டவை. இவற்றை நிறுவினால் கோணல் பெருமளவு நேராகிவிடும். திருத்தவேண்டிய பிரதியை ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். அது 2006இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஆசிரியரிடம் கொடுப்பதைப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள்.

தமிழுக்கு வருவோம். லினக்ஸில் தமிழ் வராது என்பது வீண் அச்சம். ஐ-பஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும் அதனுடன் எம்17என் பொதியையும் நிறுவினால் தமிழ் 99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கின்றன. தமிழ் 99 என்பது 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. குறில்களும் நெடில்களும் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் அமைந்திருப்பதால் இரண்டே வாரத்தில் கை பழகிவிடும். நோட்டோ, லோகித் ஆகிய தமிழ் எழுத்துருக்களும் களஞ்சியத்தில் உள்ளன.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அவை யூனிகோடு முறைக்கு முந்திய ஏற்பாட்டில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கோப்பு கெட்டுப்போயிற்று என்று எண்ணவேண்டாம். யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பின் எந்தக் கணினியிலும் படிக்கலாம், தேடலாம்.

அறிவியல் மாணவர்க்கு

நம் பாடங்களுக்கென்றே கிடைப்பவை ஏராளம். விலை உயர்ந்த மேட்லாப் மென்பொருளின் கட்டளைகளைப் பெருமளவு அப்படியே ஏற்றுக்கொள்வது குனு ஆக்டேவ். சைலாப் என்பது அதற்கு ஒப்பான மற்றொன்று. புள்ளியியலுக்கு ஆர் என்னும் மொழி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சமன்பாடுகள் நிறைந்த அறிக்கைக்கு லேடெக். வேதியியலாருக்கு மூலக்கூறு வரைய அவொகாட்ரோ, தனிம அட்டவணைக்குக் கால்சியம். வானத்தைத் திரைக்குக் கொண்டுவருவது ஸ்டெல்லேரியம். அதில் நாகர்கோவிலை இடமாகக் கொடுத்துப் பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ எட்டுப் பாகையில்தான் நிற்கும். நம் ஊரின் அட்சரேகையும் அதுவே. பாடநூலில் படித்த உண்மையை ஒரு நிமிடத்தில் கண்ணால் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லிமுடியாது.

இயற்பியல் செய்முறைக்கு எக்ஸ்ப்ஐஸ் என்றொரு சிறு கருவி உண்டு. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் வடிவமைத்த இக்கருவி யு.எஸ்.பி. வழியே கணினியுடன் இணைந்து, அலைவுகாட்டி போலவும் மின்னழுத்தமானி போலவும் பயன்படுகிறது. அதன் வரைபடமும் நிரலும் வெளிப்படையானவை.

கற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஏறத்தாழப் பத்து நிமிடக் காணொளிப் பாடங்களாக லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சைலாப் முதலியவற்றைக் கற்பிக்கிறது. பல பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அதன் 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் தமிழிலேயே படிக்க விரும்புவோர்க்குப் பெருந்துணை. வீட்டில் கேட்டறிய ஆளில்லாத என்னைப் போன்றோர்க்கு இவையே அண்ணனும் அக்காளும் ஆகும்.

கிடைக்காதவையும் உண்டு

எல்லாம் தேன் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வணிகவியல் நண்பர்கள் பயிலும் டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. குனுகேஷ் என்னும் கணக்கு மென்பொருள் இருந்தாலும், வேலை தருபவர் டாலி கேட்டால் டாலிதான் தெரிந்திருக்க வேண்டும். கோரல்டிரா கோப்புகள் இங்க்ஸ்கேப்பில் எப்போதும் ஒழுங்காகத் திறப்பதில்லை. ஆகவே அச்சகத்தில் வேலை செய்ய விரும்புவோர் இரண்டையும் பழகவேண்டும். சில அச்சுப்பொறிகளுக்கும் வைஃபை சில்லுகளுக்கும் இயக்கி நிரல் எளிதில் அமைவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அச்சுப்பொறியோடு நான் இரண்டு நாள் போராடித் தோற்றேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் வைன் என்னும் கருவி சிலவற்றில் வெற்றிபெறும், சிலவற்றில் பெறாது. அத்தகைய வேலை கட்டாயம் என்றால், இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அக்காவின் கணினியில் அரசு செய்து கொடுத்த ஏற்பாடும் அதுதானே?

முடிவாக

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறியவர்கள். மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டும் வசதி நம் வீடுகளில் இல்லை. அதற்காகத் திருட்டுப் பிரதியை நாடித் தலைகுனிய வேண்டியதும் இல்லை. நேர்மையாகக் கிடைக்கும் கருவிகள் நிறைய உள்ளன. வேலையின் பெயரைச் சொல்லித் தேடத் தெரிந்தால் போதும்.

விதைநெல் வாங்கியவர் அடுத்த பூவில் நாலு பேருக்கு விதை கொடுப்பது நம் நாட்டு வழக்கம். நாமும் நம்மால் இயன்றதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், கண்ட பிழையைத் தெரிவிக்கலாம். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கலாம். கீழ்வகுப்பு மாணவர் ஒருவருக்கு நிறுவிக் கொடுக்கலாம். மின்டில் உள்ள தமிழாக்கப் பிழைகள் சிலவற்றை நான் குறித்து வைத்திருக்கிறேன், விடுமுறையில் அனுப்பவிருக்கிறேன்.

அக்கா இப்போது வேலை முடிந்து வந்தபின் அதே மடிக்கணினியில் குரூப் 4 தேர்வுக்குரிய குறிப்புகளைத் தமிழ் 99இல் தட்டச்சு செய்கிறாள். என்னைவிட வேகமாகத் தட்டுகிறாள். அவளுக்கென்று அரசு கொடுத்த கணினி அது; இரவு எட்டு மணிக்கு மேல் எனக்குக் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தால், இந்த விடுமுறையில் தூசி தட்டி எடுத்துப் பாருங்கள்.